அக்காவுக்கு எடுத்த தாவணி

முதலில் மன்னிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஊரை விட்டுப் போய்க் குடியேறியவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதலாம் என்று நம் ஊர் நூலக மலருக்காகக் கேட்டிருந்தார்கள். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் எழுத வேண்டிய இடம் இது. நான் இருப்பது திருவனந்தபுரத்தில். கடலைத் தாண்டவில்லை, ஒரு மலையைத் தாண்டினேன், அவ்வளவுதான். படிப்பும் பத்தாவதோடு நின்றது. நாலு பேர் கூடியிருந்தால் என் குரல் எனக்கே கேட்காது. தாளில் எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆவணியில் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டில் ஒரு காரியம் நடந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் என் அக்காவிலிருந்து தொடங்க வேண்டும்.

1

அக்கா பெயர் செண்பகம். எனக்கு ஒரு வயது மூத்தவள். என் பெயர் முப்பிடாதி. ஊரில் எங்களைத் தெரிந்தவர்கள் இப்போதும் இருப்பார்கள். தெற்குத் தெரு, தீப்பெட்டி ஆபீசுக்கு எதிர்வீடு.

அக்கா சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். அம்மா வைவாள். "பொம்பளப் பிள்ள சிரிப்பாட்டி இது, ஊரக் கூட்டப் போறியா" என்பாள். அதைக் கேட்டு அக்கா இன்னும் சிரிப்பாள். எனக்கு அப்படிச் சிரிக்க வராது. வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன், அதுவும் சத்தம் வெளியே வராமல்.

திருவனந்தபுரத்தில் ஆரியசாலையில் மிளகாய் வற்றல் மொத்தக் கடை வைத்திருக்கும் நம் பக்கத்துக் குடும்பத்திலிருந்து அக்காவைப் பெண் கேட்டு வந்தார்கள். பிடித்துப் போயிற்று. வெற்றிலை மாற்றியாயிற்று. ஐப்பசியில் கல்யாணம் என்று பேச்சு. ஆவணியில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். கஷாயம் வைத்தோம். பிறகு சங்கரன்கோவிலுக்குக் கொண்டு போனோம். அங்கிருந்து பாளையங்கோட்டைக்குக் கொண்டு போகிற வழியில் என் மடியில்தான் போனாள். பத்தொன்பது வயது.

அந்தத் தையில் அதே மாப்பிள்ளைக்கு என்னைக் கொடுத்தார்கள். அவர்களும் கேட்டார்கள், எங்கள் வீட்டிலும் சரி என்றார்கள். என்னை யாரும் வற்புறுத்தவில்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை. அக்காவுக்கென்று வாங்கி வைத்திருந்த பாத்திரங்கள் என்னோடு வந்தன. தம்பானூர் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியபோது அவள் எனக்கு ஒரு படி முன்னால் இறங்குகிற மாதிரி இருந்தது. மாமியார் வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்தபோது தட்டு கொஞ்சம் இடது பக்கமாகச் சுற்றுகிறதோ என்று பார்த்தேன். பக்கத்தில் அவள் நிற்பதாக நினைத்துத்தான்.

அன்று முதல் இந்த ஊரில் எதைத் தொட்டாலும் இது அவளுக்கு வர வேண்டியது என்று தோன்றும். குழாயில் தண்ணீர் வந்தால் தோன்றும். பிள்ளை இல்லாமல் பத்து வருஷம் கிடந்தபோது அதிகமாகத் தோன்றியது. "கன்னிக்கு மனசு எறங்கல" என்று மாமியார் சொல்வார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவள் இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன், அவள் ஏன் மனம் இறங்க வேண்டும்?

2

நம் பக்கத்தில் கல்யாணமாகாமல் ஒரு பெண் இறந்துபோனால் அவள் அந்த வீட்டுக்குக் கன்னி. அவளுக்கு ஓர் ஓலைப்பெட்டி உண்டு. அதில் பாவாடை, தாவணி, ரவிக்கை, வளையல், சீப்பு, கண்ணாடி, மை எல்லாம் இருக்கும். அவள் இறந்த திதியில் வருஷந்தோறும் பொங்கல் வைத்து, பூ வைத்து, புதுத் துணி எடுத்துப் பெட்டியில் வைக்க வேண்டும். பழையதை வீட்டில் வயசுப் பிள்ளை இருந்தால் உடுத்தலாம். புதியதை மட்டும் யாரும் மேலே போட்டுப் பார்க்கக்கூடாது, நனைக்கக்கூடாது. மடிப்பு கலையாமல் அவளுக்குப் போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் மலரை உங்கள் பேரப்பிள்ளைகள் பெங்களூரில் இருந்து படிப்பார்கள் என்பதால் எழுதினேன்.

அம்மா காலமான பிறகு தம்பி திருப்பூருக்குப் போய்விட்டான். தம்பி பெண்டாட்டி பெட்டியை ஏற்க மாட்டேன் என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஒண்டுக் குடித்தனத்தில் கன்னியை எங்கே வைப்பாள்? நான் எடுத்துக்கொண்டு வந்தேன். செங்கோட்டை, புனலூர் வழியாக பஸ். பெட்டியை மடியில் வைத்திருந்தேன். இந்தப் பக்கத்துக் கண்டக்டர் பார்த்துவிட்டு, "இதினகத்து பாம்பொண்ணும் அல்லல்லோ சேச்சி?" என்று கேட்டார். பஸ் முழுவதும் சிரித்தது. உள்ளே என்ன, பாம்பா என்று கேட்கிறார். தலையை மட்டும் ஆட்டினேன். அக்காவாக இருந்தால் ஏதாவது சொல்லி அவரையே சிரிக்க வைத்திருப்பாள்.

கிள்ளிப்பாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. பெட்டியைக் கன்னிமூலையில் பலகை அடித்து வைத்தேன். ஊரில் எல்லாரும் சேர்ந்து கும்பிட்ட கன்னி இங்கே என் ஒருத்திக்கு மட்டும் கன்னியானாள். அவர், அதாவது என் வீட்டுக்காரர், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. திதியன்று பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடுவார். கட்ட இருந்தவளுக்குப் படைத்த சோற்றைக் கட்டியவள் கையால் சாப்பிடுகிறவரிடம் நான் என்ன கேட்க? அவர் மனதில் அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்க நினைத்த வருஷங்கள் உண்டு. கேட்டதில்லை.

என் மகள் காவ்யாவிடமும் சொல்லவில்லை. பிறந்ததும் செண்பகம் என்று பெயர் வைக்கச் சொன்னார் மாமியார். வேண்டாம் என்று நான் வாய் திறந்து சொன்ன ஒரே சமயம் அதுதான். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்று பயந்தேன். பெட்டி என்னவென்று அவள் கேட்டபோது, சாமி என்று சொல்லி வைத்தேன். திதியன்று அவள் பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகுதான் அடுப்பு மூட்டுவேன்.

3

இங்கே என் நாள் எப்படிப் போகிறது என்று எழுதச் சொல்லியிருந்தார்கள். காலையில் சமையல். பிறகு எங்கள் கடைக்குப் பின்கட்டில் வற்றலுக்குக் காம்பு கிள்ளும் வேலை. கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தால் பொழுது போவது தெரியாது. முதல் வருஷம் தும்மித் தும்மிச் செத்தேன். இப்போது என் மூக்குக்கு மிளகாய் என்று ஒன்று இருப்பதே தெரியாது. கூட லீலாமணி சேச்சி இருக்கிறாள். பேச்செல்லாம் அவளுடையது, கேட்பது என்னுடையது.

மலையாளம் எனக்குப் புரியும். பேசினால் பாதியில் தமிழ் வந்து நின்றுவிடும். முதல் ஓணத்துக்கு லீலாமணி சேச்சி, "முப்பிடாதிக்கு கோடி கிட்டியோ?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். ஓணத்துக்கு எடுக்கும் புதுத்துணியை இங்கே கோடி என்பார்கள். நம் ஊரில் கோடி போடுவது சாவு வீட்டில் என்று உங்களுக்குத் தெரியும்.

வில்லேஜ் ஆபீஸ் கதை ஒன்று. ரேஷன் கார்டில் என் பெயர் ஒரு விதமாகவும் பள்ளிச் சான்றிதழில் வேறு விதமாகவும் இருந்தது. இந்த ஊர்க்காரர்கள் வாயில் முப்பிடாதி பட்ட பாடு. இரண்டு பெயரும் ஓராள்தான் என்று ஒரு சர்ட்டிபிகேட் வாங்கி வரச் சொன்னார்கள். இங்கே அப்படி ஒன்று கொடுக்கிறார்கள். நாலு தடவை நடந்தேன். கடைசியில் அந்த ஆபீசர் பேனாவைத் தூக்கிக்கொண்டு, "ரெண்டும் நிங்கள் தன்னே அல்லே? உறப்பல்லே?" என்று நிச்சயமாகத் தெரியுமா எனக் கேட்டார். ஆமாம் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

காவ்யா இந்த ஊர்ப் பிள்ளை. தமிழ் பேசுவாள், எழுதத் தெரியாது. கனவில் உளறினால் மலையாளத்தில் உளறுவாள். கதவுக்கு வெளியே நின்று அதைக் கேட்டிருக்கிறேன். நான் பெற்ற பிள்ளை எனக்குத் தெரியாத யாரிடமோ பேசிக்கொண்டிருப்பது போல இருக்கும். இப்போது காலேஜில் இரண்டாம் வருஷம். பத்தொன்பது வயது முடியப் போகிறது. இந்த ஒரு வருஷம் கடந்துவிட்டால் போதும் என்று அவளுடைய போன பிறந்தநாளிலிருந்து எனக்குள் ஒரு பயம் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

4

போன ஆவணியில் அக்கா திதிக்கு முந்தின நாள் காவ்யாவின் காலேஜில் ஓணக் கொண்டாட்டம். திதிக்கான பாவாடை தாவணியை ஒரு வாரம் முன்பே சாலைக் கடைத்தெருவில் எடுத்து வைத்திருந்தேன். மயில் கழுத்து நிறம், மஞ்சள் கரை. ரவிக்கையை நானே தைத்தேன். அக்காவுடைய பழைய ரவிக்கை ஒன்று என்னிடம் இருக்கிறது. அதுதான் அளவு. காகிதத்தில் சுற்றி பீரோவில் என் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தேன்.

அன்று காலை நான் கடைக்குச் சீக்கிரம் போய்விட்டேன். ஓண நேரத்தில் வேலை அதிகம். சாயங்காலம் வீடு திரும்பி, மழை விட்ட நேரத்தில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். சந்து முனையில் அக்கா வந்தாள்.

நான் பொய் சொல்லவில்லை. மயில் கழுத்துத் தாவணி, பின்னலை முன்னால் போட்டிருக்கிறாள், சேறு படாமல் பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருக்கிறாள். அக்கா அப்படித்தான் பிடிப்பாள். விளக்குமாறு கையில் இருந்து விழுந்தது.

"அக்கா" என்றேன்.

"அக்காயோ? ஆரு, ஞானா?" என்று சிரித்தாள். காவ்யாதான். "அம்மே, சர்ப்ரைஸ் வச்சிட்டு என்கிட்ட ஒளிச்சு வச்சீங்கல்லே? சார்ஜர் தேடப் போய்க் கண்டுபிடிச்சேன். கிளாஸ்ல எல்லாரும் கேட்டாங்க, எவிடெ வாங்கினதுன்னு. பின்னே இந்த பிளவுஸ்! அளவே எடுக்காம எப்படிம்மா இத்ர கரெக்டா தச்சீங்க?"

அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன்.

"கழத்துட்டி. மொதல்ல அதக் கழத்து."

"எந்தினு கழத்தணும்? கிழியல, அழுக்கும் ஆகல."

"ஒனக்கு எடுத்தது இல்லட்டி அது."

அவள் முகம் விழுந்துவிட்டது. "எனக்கல்லே? பின்னே ஆருக்கு?"

"ஒம் பெரியம்மைக்கு."

"எனக்குப் பெரியம்மை உண்டா?"

பத்தொன்பது வருஷம் நான் வாய்க்குள் வைத்திருந்ததை அப்போது சொன்னேன். கூடத்தில் நின்றுகொண்டே சொன்னேன். அவள் தாவணியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாவுக்குப் பேசியிருந்த பெண் என்றபோது நிமிர்ந்து பார்த்தாள். காய்ச்சல் என்றபோது கேட்டாள்: "அவங்களுக்கு அப்போ எத்ர வயசு?"

நான் அவளையே பார்த்தேன். அவளே புரிந்துகொண்டாள்.

"அவங்க என்னைக் கொண்டுபோயிடுவாங்கன்னு பேடியா அம்மே?"

பயமா என்று கேட்கிறாள். அவள் எழுந்து போய் உடை மாற்றிக்கொண்டு வந்தாள். தாவணியை மடித்துப் பார்த்தாள், பழைய மடிப்பு வரவில்லை. பிறகு கன்னிமூலைக்குப் போய்ப் பெட்டிக்கு முன்னால் நின்று, "ஸாரி பெரியம்மே. ஞான் அறிஞ்சில்ல" என்றாள்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்கிறாள். அக்காவுக்கு மலையாளம் புரியாதே என்று எனக்கு ஒரு தவிப்பு வந்தது. அடுத்த நிமிஷம், இத்தனை வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறவளுக்குப் புரியாமலா இருக்கும் என்றும் தோன்றியது.

நாலு வற்றலும் உப்பும் எடுத்துக் காவ்யாவைச் சுற்றி அடுப்பில் போட்டேன். நெடி வரவில்லை. நெடி வராவிட்டால் பிடித்தது பெரிது என்று அம்மா சொல்வாள். இன்னும் ஒரு பிடி போட்டேன். அப்போதும் வரவில்லை. நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

அவர் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். "என்னட்டி, தெருவே இருமுது. என்னத்தப் போட்டு எரிக்க?"

"நெடியே வரலங்க. பிள்ளைக்கு என்னமோ ஆகப் போவுது."

"மெளகாய்க் கடக்காரன் வீட்ல எவனுக்குட்டி நெடி தெரியும்? அந்தா பாரு, எதுத்த வீட்டு மேனோன் சன்னல அடைக்காரு."

காவ்யா இருமிக்கொண்டே சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். என்ன சொல்வார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி, நாளைக்கு வேற எடுத்து வை" என்றார்.

"அவ்வளவுதானா? உங்களுக்கு ஒண்ணும் தோணலியா? அச்சு அசல் அவளாட்டம் வந்து நின்னா. நீங்க பாத்திருந்தா..."

"நான் பாத்திருந்தா எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு அந்தப் பிள்ள மொகமே தெரியாதே, முப்பிடாதி."

"பொண்ணு பாக்க வந்தியள்லா?"

"வந்தேன். தலைய நிமித்துனாத்தான? ஒங்க மாமா எம்பக்கத்துல மீசைய முறுக்கிக்கிட்டு உக்காந்திருந்தாரு. நான் பாத்ததெல்லாம் காப்பித் தம்ளர் மட்டுந்தான்." பனியனால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பெண்ணுக்கு முன்னால் சொல்ல அவருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. "ஆனா பொண்ணக் கூட்டிட்டு வரதுக்கு முந்தி உள்ள ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டுது பாரு. வீடே அதிர்ந்துது. கல்யாணப் பொண்ணு அப்படிச் சிரிப்பாளா? அது தங்கச்சி நீதான்னு எனக்கு அப்பவே தெரியும். அதனாலதான் பொறவு ஒன்னக் கேட்டப்போ சரின்னு சொன்னேன்."

காவ்யா என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும் நான் எப்படிச் சிரிப்பேன் என்று. அவருக்கும் தெரியும்தான். ஆனால் இத்தனை வருஷமும், குடும்பக் கஷ்டத்தில் இவள் சிரிப்பு அடங்கிவிட்டது என்று நினைத்திருப்பார் போல.

அன்று அந்தச் சிரிப்பு யாருடையது என்று எனக்குத் தெரியும். நான் அப்போது பின்னால் கிணற்றடியில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. காவ்யாவும் சொல்லவில்லை.

5

அன்று ராத்திரி சாலைக் கடைகளில் ஓணக் கூட்டம். தனியாகப் போனேன். நடக்கும்போது இதையே நினைத்தேன். அவர் மனதில் அக்கா முகம் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் என் முகத்தை வைத்துப் பார்க்கிறார் என்று இத்தனை வருஷம் நான் கூனிக் குறுகி இருந்தேன். அவர் மனதில் அப்படி ஒரு முகமே இல்லை. அதற்கு நான் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் எனக்கு அக்காவை நினைத்துத்தான் துக்கமாக இருந்தது. அப்பா இல்லை, அம்மா இல்லை, தம்பிக்கு அப்போது விவரம் தெரியாத வயது, ஒரு போட்டோ கூட எடுக்கவில்லை. அவள் முகம் என்னிடம் மட்டும் இருக்கிறது. அவள் சிரிப்பு என் பெயரில் இங்கே வந்து, ஒரு மனிதன் அதை நம்பி என்னோடு குடும்பம் நடத்தி, அவருக்கு நரை விழுந்துவிட்டது. அப்படியென்றால் அவளும்தான் எங்களோடு இருந்திருக்கிறாள். பிள்ளை இல்லாத வருஷங்களிலும் இருந்திருக்கிறாள், கடை நொடித்த வருஷமும் இருந்திருக்கிறாள். நான் மட்டும் அவளைப் பத்தொன்பதிலேயே நிறுத்தி வைத்துப் பயந்துகொண்டிருந்தேனோ?

கடையில் தூத்துக்குடிப் பக்கத்துப் பையன் தாவணிகளை எடுத்துப் போட்டான்.

"எத்தன வயசுப் பிள்ளைக்கும்மா?"

வருஷா வருஷம் சொல்கிற வயது வாய் வரை வந்தது.

"எனக்கு மூத்தவ" என்றேன்.

அவன் தாவணிகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அப்ப சேலை காட்டட்டுமாம்மா?"

காட்டச் சொன்னேன். கன்னிக்குச் சேலை வைக்கலாமா, அதுவும் இந்த வயதுக்கான சேலை வைக்கலாமா என்று கேட்க எனக்கு இங்கே யாரும் இல்லை. ஊரில் இருக்கும் பெரியவர்கள் இதைப் படித்துவிட்டுத் தப்பு என்று சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். அரக்கு நிறத்தில் நூல் சேலை, சின்னக் கரை. நான் கட்டுகிற மாதிரிதான், கொஞ்சம் நல்லதாக எடுத்தேன். அவள் எப்போதும் என்னைவிட நன்றாக உடுத்துவாள்.

மறுநாள் காலை பொங்கல் வைத்தேன். காவ்யாவுக்கு லீவு. சேலை ஓலைப்பெட்டிக்குப் பெரியதாக இருந்தது, மூடி மூடவில்லை. அவர் சாக்குத் தைக்கும் சணல் கொண்டு வந்து கட்டிக் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனார். காவ்யா எழுந்திருக்கவில்லை. இரண்டு தடவை போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. பத்து மணிக்கு மேல் எழுந்து வந்து சாயா கேட்டாள்.